பழைய வீட்டுக் குழாய்கள்: கோவை–பாலக்காடு எல்லைப் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு

குனியமுத்தூர், மதுக்கரை, எட்டிமடை பக்கமும், வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கமும் பழைய வீடுகளை வாங்கிக் குடிவருகிறவர்கள் நிறையப் பேர். முப்பது நாற்பது வருடத்து வீடு. சுவர் கெட்டி, கதவு ஜன்னல் நல்ல மரம், வாசலில் தென்னை, பின்னால் கிணறோ போரோ. எல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடுகிற குழாய்களை மட்டும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். குடிவந்த பிறகு குளியலறை ஷவரில் தண்ணீர் நூலாக வரும்போதுதான் அந்த நினைப்பே வரும்.

இப்படிப்பட்ட வீட்டில் எங்கிருந்து தொடங்குவது, எதை நீங்களே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: தண்ணீர் எங்கே ஏறி எந்த வழியாக இறங்குகிறது என்று தெரியாமல் எதிலும் ஸ்பேனரை வைக்காதீர்கள். பழைய வீட்டில் செலவு எகிறுவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை: வழியைத் தேடுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தண்ணீர் இருக்கும். சிறுவாணியோ வேறு கூட்டுக் குடிநீரோ வருகிற நல்ல தண்ணி லைன் ஒன்று, போர் தண்ணீருக்கு உப்புத் தண்ணி லைன் ஒன்று. கேரளப் பக்கம் என்றால் வாட்டர் அத்தாரிட்டி லைனும் கிணறும். எது எந்தத் தொட்டிக்கு ஏறுகிறது, எந்தத் தொட்டியிலிருந்து எத்தனை குழாய்கள் இறங்குகின்றன என்று எண்ணி வரைந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு இறங்கு குழாயின் கேட் வால்வையும் (திருகினால் உள்ளே தகடு இறங்கித் தண்ணீரை அடைக்கிற வால்வு) மூடி, கீழே ஒருவரை நிற்கவைத்து எந்தக் குழாய் நிற்கிறது என்று கேளுங்கள். "சமையலறை நின்னுடுச்சு, பின்பக்கம் வருது" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, வால்விலேயே பெயின்டால் குறி போட்டுவிடுங்கள். நடுராத்திரியில் குழாய் ஒடிந்து வீட்டுக்குள் தண்ணீர் ஓடும்போது இந்தக் குறிதான் கைகொடுக்கும்.

பழைய பித்தளை கேட் வால்வு உப்பு பிடித்து இறுகியிருக்கும். ரெஞ்ச் போட்டு ஒரே முறுக்காக முறுக்கினால் தண்டு சுழலும், உள்ளே இருக்கும் தகடு அறுந்து அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் என்று பழக்கித் திறக்க வேண்டும். அப்படியும் அசையாத வால்வை மாற்றிவிடுவதே நல்லது. அந்த இடத்தில் பால் வால்வு, அதாவது உள்ளே ஓட்டை போட்ட உருண்டை சுழல்கிற வால்வு போடுங்கள். கைப்பிடி குழாயின் நீளவாட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். எந்த வால்வாக இருந்தாலும் வருடத்தில் இரண்டு முறை மூடித் திறந்துவையுங்கள். திறந்தபடியே பத்து வருடம் கிடந்த வால்வு அவசரத்துக்கு மூடாது.

உப்புத் தண்ணி செய்கிற வேலை

மதுக்கரையிலும் வாளையாறிலும் சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம் அங்குள்ள சுண்ணாம்புக் கல். மண்ணுக்கடியில் இருக்கும் அதே கல்லில் ஊறித்தான் போர் தண்ணீர் மேலே வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்து அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். கீசர், ஷவர், வாஷிங் மெஷின் எல்லாம் எவ்வளவு நாள் தாங்கும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

1990-களுக்கு முன் கட்டிய வீடு என்றால் உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது கரைந்த இடத்தில் துரு எழும்பும், துருவின் மேல் சுண்ணாம்பு படியும், அதன் மேல் மறுபடி துரு. பிளம்பர் ஒரு துண்டை அறுத்து எடுத்தால் வாங்கிப் பாருங்கள். வெளியே பெயின்ட் கூடப் போகாமல் இருக்கும் அரை இஞ்சு குழாய்க்குள் செங்கல் நிறத்தில் கட்டிக்கட்டியாகப் படிந்திருக்கும். நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தால் அதிகம். எல்போ வளைவில் அதுவும் இருக்காது. "பைப்பு முழுக்க உப்பு அடைச்சிருக்குங்க, தட்டிப் பிரயோஜனமில்லை" என்று அவர் சொன்னால் நம்பலாம். விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாக வரும் என்று நினைக்க வேண்டாம். ஆறில் ஒரு பங்குதான் வரும்.

தண்ணீர் குறைவாக வருகிறது என்றதும் பிரஷர் பம்பு வாங்கிவிடாதீர்கள். முதலில் குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். ஷவர் தலையையும் கழற்றி எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். பாதி வீடுகளில் குறை இத்தோடு தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் அதே லைனில் வேறு குழாய்களைத் திறந்து பாருங்கள். ஒரு குழாய் மட்டும் குறைவு என்றால் அதற்குப் போகும் கிளையில் அடைப்பு. எல்லாமே குறைவு என்றால் மாடி வால்வு, தொட்டி வாய் அல்லது மெயின் குழாய்.

தொட்டி உயரத்தையும் கணக்கில் எடுங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். பழைய வீட்டில் தொட்டி மொட்டை மாடித் தளத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஷவருக்கும் அதற்கும் ஒன்றிரண்டு மீட்டர்தான் வித்தியாசம். புது மாடல் ஷவரை அதில் மாட்டினால் சொட்டத்தான் செய்யும். தொட்டியை உயரத் தூணில் ஏற்றிவைப்பது பம்பைவிடச் சிக்கனம், கரண்ட் போனாலும் வேலை செய்யும். பழுத்துப்போன ஜிஐ பைப்பில் பிரஷர் பம்பு வைத்தால் துரு தின்ற இடத்தில் பொத்துக்கொள்ளும். பம்பு வேண்டும் என்றால் முதலில் குழாயை மாற்றுங்கள்.

சொட்டுகிற குழாய்

நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டு கால் மில்லி என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் போகிறது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணி வருகிற தெருவில் அது ஒரு குடத்துக்கும் அதிகம். இதை நீங்களே சரிசெய்யலாம்.

மாடி வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியைக் கழற்றுங்கள். அதன் கீழே இருக்கும் பெரிய நட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றி, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். இன்னொரு கையால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் குழாயோடு சேர்ந்து சுவருக்குள் இருக்கும் பழைய நிப்பிளும் (குழாயை இணைக்கும் சின்னத் துண்டு) திரும்பி, திரெட்டிலேயே ஒடிந்துவிடும். அப்படி ஒடிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சுழலும் தண்டு, வெளியே வந்ததும் அதன் அடியைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ஓரம் கிழிந்திருக்கும். அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவு வாங்குங்கள். புதுசைப் போடுவதற்கு முன் விரலைக் குழாய்க்குள் விட்டு வாஷர் உட்காரும் விளிம்பைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. சொரசொரப்பாக இருந்தால் உப்பு படிந்திருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கப் புளியும் பழைய பல் துலக்கியும் போதும். விளிம்பே அரித்துப் பள்ளமாகியிருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் சொட்டும், குழாயை மாற்றுங்கள். மூடுவதற்கு முன் ஸ்பிண்டில் திரெட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

குழாய் முனையில் சொட்டாமல், திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் வாஷர் மாற்றத் தேவையில்லை. அங்கே இருக்கும் சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் உள்ளே சுற்றியிருக்கும் நூல் தேய்ந்திருக்கும். கிரீஸ் தடவிய புது நூலைச் சுற்றினால் போதும்.

கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்க்குள் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடு இருக்கும். அந்த உள்பாகத்தை முழுசாக மாற்றுவார்கள். புதுக் குழாய் மாட்டும்போது டெஃப்லான் டேப்பை, திரெட் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது பிரிந்து வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

சுவரில் ஈரம், பெயின்ட் உப்பி உதிர்வது, மோட்டார் வழக்கத்தைவிட அடிக்கடி போட வேண்டியிருப்பது: இதில் ஏதாவது இருந்தால் ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. அடுத்தடுத்த ராத்திரிகளில் ஒவ்வொரு லைனாக மூடிப் பார்த்தால் எந்த லைன் என்று பிடிபட்டுவிடும். வால்வில் போட்ட குறி இங்கே மறுபடி உதவும்.

சுவரை உடைக்கச் சொல்வதற்கு முன் கழிப்பறை ஃபிளஷ் டேங்கைச் சோதித்துவிடுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் அதில் கலந்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது. மிகச் சின்னச் சாமான்தான், ஆனால் சத்தமில்லாமல் தொட்டியைக் காலி செய்யும்.

மழை பெய்தால் மட்டும் வருகிற ஈரத்துக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை. அது கூரை, சன்ஷேடு வேலை.

தொட்டி நிறைந்தும் தண்ணீர் வரவில்லை

தொட்டி ஒருமுறை முழுக்கக் காலியாகி மறுபடி நிறைந்தபின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வராமல் சீறினால் அது ஏர் லாக், அதாவது குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தாழ்வான குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். பிடிவாதமாக இருந்தால், நன்றாக வருகிற குழாயிலிருந்து ஒரு ஹோஸைத் தகராறு செய்கிற குழாயின் வாயில் அழுத்திப் பிடித்து, இரண்டையும் திறந்தால் தண்ணீர் பின்னோக்கிப் போய்க் காற்றைத் தள்ளிவிடும். ஆனால் உப்புத் தண்ணியை நல்ல தண்ணி லைனுக்குள் ஏற்றிவிடாதீர்கள். அடிக்கடி வந்தால், மாடியில் தொட்டி வாய்க்கு அடுத்து ஏர் பைப் இருக்கிறதா பாருங்கள். தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். தொட்டியை மாற்றும்போது அதை அறுத்து மூடி போட்டிருப்பதை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம்.

கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாமல் ஒவ்வொரு தடவையும் ஊற்றிப் போட வேண்டியிருந்தால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற வால்வு) பிடிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓடவிடாதீர்கள், சீல் கருகிவிடும். தெருக் குழாய் இணைப்பில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவதையும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதைவிட, உறிஞ்சும்போது தெருக்குழாயின் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். நல்ல தண்ணி தானாக விழுகிற மாதிரி தரைத்தொட்டி வைத்து, அதிலிருந்து ஏற்றுங்கள்.

கீசரும் எர்த்தும்

போர் தண்ணீரைச் சுடவைக்கும்போது கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியேறி, சூடாக்கும் காயிலில் ஒட்டுகிறது. கீசர் கடகடவென்று சத்தம் போடுவதும், வழக்கத்தைவிட நேரம் எடுப்பதும் அதனால்தான். கடினமான தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் மெக்னீசியத் தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்குக்குப் பதிலாகத் துருவை ஏற்றுக்கொள்வது அந்தத் தண்டு. அது கரைந்து தீர்ந்தபின் டேங்க் ஓட்டையாகும். சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் வயரைத் தண்ணீர் இரும்புக் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே வீட்டின் எர்த் போய்விடும், ஆனால் விளக்கும் கீசரும் வழக்கம்போல எரியும். ஆகவே குழாய் மாற்றுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் எங்கே போகிறது என்று சோதித்து, தனி எர்த் குழி போட்டு, பொருத்தமான மின்கசிவு பிரேக்கரும் வைத்துவிடுங்கள்.

கழிவு நீர்

சமையலறை சிங்க் மார்கழி, தை மாதக் காலையில் மட்டும் அடைக்கிறதா? தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீர் குழாயில் உறைய, அதில் பருக்கையும் கஞ்சியும் ஒட்டிக்கொள்கிறது. சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், வாரம் ஒருமுறை நல்ல சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். பிவிசி குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், இளகிவிடும். ஆசிட் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். இரும்பையும் சிமெண்ட் இணைப்பையும் தின்றுவிடும், ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும்.

அடைப்பை நீக்குவதற்குச் சிங்குக்கு அடியில் இருக்கும் வளைந்த டிராப்பைக் கழற்றுவதுதான் எளிது. கீழே ஒரு பக்கெட் வைத்துக் கையாலேயே நட்டைத் திருப்பலாம். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் நாற்றம் வந்தால் தரை டிராப் காய்ந்திருக்கும், ஒரு சொம்பு ஊற்றினால் போதும்.

வெளியே பூமிக்கடியில் பழைய வீட்டில் பீங்கான் பூச்சுள்ள மண்குழாய் ஓடும். இணைப்புச் சிமெண்ட் விரிந்த இடத்தில் தென்னை வேரும் வேப்ப வேரும் நுழைந்துவிடும். சேம்பர் (கழிவுக் குழாய் வழியில் கட்டியிருக்கும் சின்னத் தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். மேல் சேம்பரில் நிற்கிறது, கீழ் சேம்பர் காலி என்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். குத்திவிட்டு ஒரு வருடத்துக்குள் அதே இடம் மறுபடி அடைத்தால் அந்த நீளத்தை மட்டும் பிவிசியாக மாற்றுங்கள்.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். நிறைந்து வழிகிறவரை காத்திருந்தால் மண்டி உறிஞ்சுகுழிக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஆடி மழைக்கு முன், சித்திரை வைகாசியில் செய்வது நல்லது. யாரையும், எவ்வளவு அனுபவசாலி என்றாலும், தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போனவரும் சேர்ந்து போன குடும்பங்கள் எத்தனையோ. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடைசெய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் லாரி கேட்கலாம்.

கிணறு இருந்தால் செப்டிக் குழியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். கேரளக் கட்டட விதி குறைந்தது 7.5 மீட்டர் கேட்கிறது. பழைய வீட்டில் அவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மழை பெய்தபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்ற அளவில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குழி மிகப் பக்கத்தில் என்றால் அதைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால்

ஒரே வருடத்தில் இரண்டு மூன்று இடத்தில் பொத்துக்கொண்ட ஜிஐ லைனை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பது வீண்செலவு. ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடம் விடும். மொத்தமாகச் செய்யப் பணமில்லை என்றால், மாடியிலிருந்து இறங்கும் மெயின் குழாயையும் வால்வுகளையும் முதலில், வெந்நீர் லைனை அடுத்து, மீதியைப் பிறகு என்று செய்யலாம். சுவருக்குள் இருக்கும் பழையதை உடைத்து எடுக்க வேண்டியதில்லை; இரண்டு முனையையும் மூடி அங்கேயே விட்டுவிட்டு, புதுக் குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டலாம். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் நாளைக்குக் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் பழைய வீட்டுக்கு இதுவே சரி.

வெந்நீருக்குச் சிபிவிசி, அதாவது சூடு தாங்கும் பிவிசி மட்டும். சாதா பிவிசி சூட்டில் வளைந்துவிடும். வெயில் படும் இடத்தில் எந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கும் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். இரும்பும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்திலும், குழாய் மாட்டும் இடத்திலும் பித்தளை திரெட் உள்ள இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் திரெட் இறுக்கும்போதே விரிசல் விடும். ஒட்டிய அன்றே தண்ணீர் விட அவசரப்படாமல் ஒரு நாள் காயவிடுங்கள். பூசுவதற்கு முன் எல்லா முனைகளையும் மூடி, தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்து ஒரு ராத்திரி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லைங்க" என்பார்கள். தேவை.

பூச்சு வேலை தொடங்கும் அன்று காலை, குழாய் ஓடும் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, முதல் நாள் வரைந்த தாளோடு சேர்த்து வையுங்கள்.